தரையை ஒட்டிப் பறக்கும்போது இன்ஜின் நின்றால்? ராணுவ ஹெலிகாப்டர் விமானிகள் பழகும் இரண்டு பாடங்கள்

இன்ஜின் நின்றால் ஹெலிகாப்டர் கல் மாதிரி விழுந்துவிடும் என்றுதான் நிறைய பேர் நினைக்கிறார்கள். அப்படி விழாது. மேலே போதுமான உயரமும் கொஞ்சம் வேகமும் இருந்தால், இன்ஜினே இல்லாமல் இறங்கி, ஒரு கீறல்கூட இல்லாமல் தரையில் உட்கார வைக்க முடியும், அதற்கென்று ஒரு முறை இருக்கிறது, எல்லா விமானிகளுக்கும் அதைக் கற்றுத்தருகிறார்கள். சிக்கல் எங்கே வருகிறதென்றால், அந்த முறைக்கு வேண்டியது உயரம். ராணுவ விமானிகளோ எதிரியின் கண்ணில் படாமல் இருப்பதற்காக வேண்டுமென்றே அந்த உயரத்தை விட்டுக்கொடுத்து, மரங்களுக்கு இடையே பறக்கிறார்கள்.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். இன்ஜின் இல்லாமல் இறங்கும் ஹெலிகாப்டர் நிமிடத்துக்கு ஏறக்குறைய 1,800 அடி இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம், அதாவது விநாடிக்கு 30 அடி. 1,500 அடியில் இருந்தால் 50 விநாடி கிடைக்கும். இடம் தேடலாம், காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்க்கலாம், ரேடியோவில் ஒரு வார்த்தை சொல்லலாம். 50 அடியில் இருந்தால் இரண்டு விநாடிகூட முழுதாகக் கிடைக்காது. தரையொட்டிப் பறத்தல் ஒரு பாடம், அவசரகால நடைமுறைகள் இன்னொரு பாடம் என்று பயிற்சி அட்டவணையில் தனித்தனியாக இருந்தாலும், என் பார்வையில் இரண்டும் ஒரே பாடம்தான். முதல் பாடத்தில் எவ்வளவு தாழப் போகிறீர்களோ அவ்வளவு நேரம் இரண்டாவது பாடத்தில் குறைகிறது. அந்த நேரத்தைப் பறப்பதற்கு முன்னாலேயே எப்படிச் சேர்த்து வைப்பது என்பதுதான் இந்தப் பயிற்சி முழுவதும் ஓடுகிற விஷயம்.

சரி, எதற்காக இவ்வளவு தாழப் பறக்க வேண்டும்? வியட்நாம் போரின் பெரும்பகுதியில் அமெரிக்க ஹெலிகாப்டர்கள், இறங்கும் நேரம் ஏறும் நேரம் தவிர, 1,500 அடிக்கு மேலேயே பறந்தன. துப்பாக்கிக் குண்டு அங்கே வந்து சேர்வது கஷ்டம், அதனால். 1971 பிப்ரவரி, மார்ச் மாதங்களில் லாவோஸுக்குள் நடந்த லாம் சோன் 719 நடவடிக்கையில் கனரக விமான எதிர்ப்புத் துப்பாக்கிகள் அந்தக் கணக்கைப் பொய்யாக்கின. நூற்றுக்கும் மேற்பட்ட ஹெலிகாப்டர்கள் அழிந்தன. அடுத்த வருடமே, 1972-இல், தோளில் வைத்துச் சுடும் ஸ்ட்ரெலா-2 ஏவுகணை அதே போர்க்களத்துக்கு வந்தது. வெப்பத்தைப் பார்த்துத் துரத்தும் ஏவுகணை அது. 1973 அக்டோபரில் இஸ்ரேல், எகிப்து, சிரியா போரில் ரேடாரோடு இணைந்த நான்கு குழல் ஷில்கா பீரங்கி வண்டிகள் விமானங்களை என்ன பாடு படுத்தின என்று உலகமே பார்த்தது. இத்தனைக்கும் பிறகு உயரம் என்பது பாதுகாப்பு என்ற நிலை போய், உயரமே ஆபத்து என்றாகிவிட்டது. மலைக்குப் பின்னால் இருப்பதை ரேடார் பார்க்காது. மர வரிசைக்கு மேலே மூன்று விநாடி மட்டும் தலைகாட்டி மறையும் பொருளைக் குறிபார்க்க ஆளுக்கு நேரம் போதாது. அப்படித்தான் எழுபதுகளிலிருந்து தரையொட்டிப் பறப்பது ஒரு தனித்திறமை என்ற நிலையிலிருந்து எல்லோருக்குமான கட்டாயப் பாடமாக மாறியது.

அமெரிக்க ராணுவம் இதை மூன்றாகப் பிரிக்கிறது. வழியில் இருப்பதிலேயே உயரமான தடைக்கு மேல் 80 முதல் 200 அடி வரை, ஒரே திசை, ஒரே வேகம், ஒரே உயரம் என்று போவது முதல் வகை. 25 முதல் 80 அடி வரை, நிலம் ஏறினால் ஏறி, இறங்கினால் இறங்கி, அதன் வளைவுகளோடு போவது இரண்டாவது. மூன்றாவதுதான் எல்லோரும் பேசுவது, 25 அடிக்கும் கீழே, வேகத்தையும் உயரத்தையும் நொடிக்கு நொடி மாற்றிக்கொண்டு, முடிந்தால் மரங்களுக்கு மேலே போகாமல் பக்கத்திலேயே புகுந்து போவது. எதிரி தூரத்தில் இருக்கும்போது முதல் வகை, நெருங்க நெருங்க இரண்டாவது, மூன்றாவது என்று இறங்கிக்கொண்டே போவார்கள்.

இந்த மூன்றாவது வகையில் மாணவர்கள் முதலில் திணறுவது ஓட்டுவதில் இல்லை, தாங்கள் எங்கே இருக்கிறோம் என்று தெரிந்துகொள்வதில்தான். வரைபடம் நிலத்தை மேலிருந்து பார்த்து வரைந்தது. நீங்களோ பக்கவாட்டிலிருந்து பார்க்கிறீர்கள். படத்தில் அழகாக வளைந்து ஓடும் ஆறு, இருபது அடி உயரத்தில் ஒரு மர வரிசையாகத்தான் தெரியும். தண்ணீர் கண்ணிலேயே படாது. இரண்டு குன்றுகளில் முன்னால் இருப்பது பின்னால் இருப்பதை மறைத்துவிடும். அதனால் 1:50,000 வரைபடத்தை வைத்துக்கொண்டு, சமவுயரக் கோடுகளைப் பார்த்தவுடனே அந்த மேடு பக்கத்திலிருந்து எப்படித் தெரியும் என்று மனதில் வரைந்து பார்க்கும் பழக்கத்தை முதல் வாரத்திலிருந்தே ஊட்டுகிறார்கள். இன்றைக்குப் பெரும்பாலான ஹெலிகாப்டர்களில் நகரும் வரைபடத் திரையும் செயற்கைக்கோள் வழிகாட்டியும் இருக்கிறதே, எதற்குக் காகிதம் என்று கேட்கலாம். செயற்கைக்கோள் சிக்னலை எதிரி தடுக்க முடியும் என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், திரையைப் பார்க்க ஒருவர் தலையை உள்ளே குனிந்தாக வேண்டும். இந்த உயரத்தில் குனிந்த தலைக்கு விலை அதிகம்.

இரண்டு விமானிகளும் பேசிக்கொள்ளும் விதமே இங்கே மாறிவிடும். ஓட்டுபவரின் கண் வெளியே. வரைபடம் பார்ப்பவர் திசையை எண்ணாகச் சொல்லக் கூடாது. "040 திசையில் போ" என்றால் ஓட்டுபவர் திசைகாட்டியைப் பார்க்கக் கண்ணை உள்ளே கொண்டுவருவார். அதற்குப் பதிலாக, "இடப்பக்கம் திரும்பு... திரும்பிக்கொண்டே இரு... நிறுத்து. முன்னால் இரண்டு மேடு, நடுவில் பள்ளம், அதற்குள் போ. பள்ளம் முடியும் இடத்தில் வலப்பக்கம் ஒரு வெட்டவெளி வரும்" என்று கண்ணால் பார்க்கக்கூடியதை மட்டும் சொல்ல வேண்டும். பின்னால் உட்கார்ந்திருக்கும் குழுவினர் வால் பக்கம், மேலே சுழலும் ரோட்டர் பக்கம் இடைவெளி இருக்கிறதா என்று சொல்லிக்கொண்டே வருவார்கள். ஓட்டும் பொறுப்பைக் கைமாற்றும்போது மூன்று முறை சொல்ல வேண்டும்: உன்னிடம் கட்டுப்பாடு, என்னிடம் கட்டுப்பாடு, உன்னிடம் கட்டுப்பாடு. பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஒப்பிப்பது போலத் தோன்றும். ஆனால் இருவரும் மற்றவர்தான் ஓட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டிருக்கும் ஒரு விநாடி, அந்த உயரத்தில் தாங்காது.

வேகத்துக்கும் ஒரு எளிய விதி உண்டு. தெரிகிற தூரத்துக்குள் நிறுத்த முடிகிற வேகத்தில்தான் போக வேண்டும். 100 நாட் வேகம் என்றால் விநாடிக்கு 51 மீட்டர். ஒன்றைக் கண்டு, அது என்ன என்று புரிந்து, கையை அசைக்க இரண்டு விநாடி எடுத்தால் அதற்குள் நூறு மீட்டர் போய்விட்டது, ஹெலிகாப்டர் இன்னும் திரும்பவே தொடங்கவில்லை.

அந்த "ஒன்று" பெரும்பாலும் கம்பி.

கம்பியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் எதிரி சுடாத இடத்தில்கூடத் தாழப் பறப்பவர்களைக் காலம் காலமாகக் கொன்றுவருவது மின்கம்பிதான். கம்பியைக் கண்ணால் தேடினால் கிடைக்காது. பழைய கம்பி கறுத்துப்போய்ப் பின்னாலுள்ள மரங்களோடு கலந்துவிடும், வெயில் கோணம் மாறினால் போன முறை தெரிந்தது இந்த முறை தெரியாது. அதனால் கம்பியைத் தேடாதே, கம்பம் தேடு என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். காட்டுக்கு நடுவில் கத்திரித்தது போல நேராக மரம் வெட்டிய பாதை தெரிந்தால் அங்கே கம்பி உண்டு. சாலை இருந்தால் கம்பி உண்டு. தனியாக ஒரு வீடு நின்றால், அதற்கு எங்கிருந்தோ ஒரு கம்பி வந்தே தீரும். கம்பத்தின் உச்சியில் குறுக்குச் சட்டம் எந்தப் பக்கம் நீள்கிறது என்று பார்த்தால் கம்பி எந்தத் திசையில் ஓடுகிறது என்று ஊகிக்கலாம். கடக்க வேண்டுமானால் இரண்டு கம்பத்துக்கு நடுவில் கடக்கக் கூடாது, கம்பத்தின் தலைக்கு நேர் மேலேதான் கடக்க வேண்டும். நடுவில்தானே கம்பி தொய்ந்து தாழ்ந்திருக்கும், அங்கே கடந்தால் என்ன என்று தோன்றும். ஆனால் கம்பியின் உயரம் உங்களுக்குத் தெரியாது, கம்பத்தின் உயரம் தெரியும். இன்னொன்றும் உண்டு. பெரிய மின்கோபுரங்களில் தடித்த கம்பிகளுக்கு மேலே, இடிதாங்கியாக ஒரு மெல்லிய கம்பி ஓடும். தடித்த கம்பிகளைச் சரியாகப் பார்த்து, மேலே ஏறித் தப்பித்துவிட்டோம் என்று நினைக்கும் கணத்தில் அந்த மெல்லிய கம்பியில் மாட்டியவர்கள் உண்டு. கம்பத்தின் தலையைப் பார்த்துக் கடப்பவருக்கு அது நேராது, ஏனென்றால் அந்தக் கம்பியும் அந்தத் தலையில்தான் கட்டப்பட்டிருக்கிறது.

கனடாவின் பிரிஸ்டல் ஏரோஸ்பேஸ் நிறுவனம் எழுபதுகளின் இறுதியில் கொண்டுவந்த கம்பி வெட்டும் கருவியைப் பல ராணுவ ஹெலிகாப்டர்களில் பார்க்கலாம். மூக்குக்கு மேலேயும் கீழேயும் கொம்பு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். மோதுகிற கம்பியை அதன் வாய்க்குள் வழுக்கிக் கொண்டுவந்து வெட்டிவிடும். பல உயிர்களைக் காப்பாற்றிய கருவி. ஆனால் ஓரளவு வேகத்தில், ஏறக்குறைய நேராக மோதினால்தான் வெட்டும். மெதுவாக ஊர்ந்துபோய் மாட்டினாலோ, கம்பி ரோட்டர் தண்டிலோ வால் பக்கமோ சிக்கினாலோ அதனால் பயனில்லை.

இரவில் இதெல்லாம் இன்னும் சுருங்குகிறது. இரவுப் பார்வைக் கண்ணாடி இருட்டைப் பகலாக்கிவிடும் என்பது பாதி உண்மைதான். சாதாரணமாக இரண்டு கண்ணாலும் பக்கவாட்டில் 180 டிகிரிக்கும் மேல் பார்க்கிறோம். பரவலாகப் பயன்படும் கண்ணாடி தருவது 40 டிகிரி. இரண்டு குழாய் வழியாக உலகத்தைப் பார்ப்பது மாதிரி. ஆழம் சரியாகத் தெரியாது, பக்கத்தில் நிலம் நகர்வது தெரியாது, அதனால் வேகமும் உயரமும் ஏமாற்றும். கழுத்தைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். அப்பாச்சி என்ற தாக்குதல் ஹெலிகாப்டரில் வேறு சங்கடம்: வலது கண்ணுக்கு முன்னால் சின்னக் கண்ணாடியில் வெப்பப்படம் ஓடும், இடது கண் இருட்டைப் பார்க்கும், படம் பிடிக்கும் கருவியோ ஹெலிகாப்டரின் மூக்கில், விமானியின் கண்ணுக்கு முன்னாலும் கீழேயும் இருக்கிறது. அதாவது தன் கண் இல்லாத இடத்திலிருந்து பார்த்து ஓட்டப் பழக வேண்டும். ஆனாலும் பழகிக்கொள்கிறார்கள். 1991 ஜனவரி 17 அதிகாலையில் வளைகுடாப் போரின் முதல் தாக்குதலே, பாலைவன இருட்டில் தாழப் பறந்துபோய் ஈராக்கின் ரேடார் நிலையங்களை அழித்த அப்பாச்சி ஹெலிகாப்டர்களால்தான் நடந்தது.

பாலைவனம் என்றதும் தூசியைச் சொல்லாமல் போக முடியாது. தரையை நெருங்கும்போது ரோட்டர் கிளப்பும் தூசி மேலே சுருண்டு வந்து கண்ணாடி முழுவதையும் மூடிவிடும், கடைசி இருபது முப்பது அடியில் ஒன்றுமே தெரியாது. 1980 ஏப்ரலில் ஈரான் பாலைவனத்தில் அமெரிக்கப் பிணைக்கைதிகளை மீட்கப்போன நடவடிக்கை கைவிடப்பட்டுத் திரும்பும் நேரத்தில், அப்படிப்பட்ட தூசியில்தான் ஒரு ஹெலிகாப்டர் தரையில் நின்ற சரக்கு விமானத்தின் மீது மோதி எட்டுப் பேர் இறந்தார்கள். தூசி கிளம்பிய பிறகு யோசிக்கக் கூடாது என்பதால், இறங்கத் தொடங்கும் முன்பே முடிவு எடுத்துவைக்கச் சொல்கிறார்கள்: தரையில் ஒரு செடியையோ கல்லையோ பிடித்துக்கொள், அது கண்ணை விட்டுப் போய்விட்டால் உடனே மேலே ஏறு, தடவிப் பார்க்காதே.

இப்போது அவசரகாலப் பக்கம் வருவோம். அலபாமாவில் இருக்கும் ஃபோர்ட் ரக்கரில்தான் அமெரிக்க ராணுவ ஹெலிகாப்டர் விமானிகள் உருவாகிறார்கள். அங்கே மாணவர்கள் "ஐந்தும் ஒன்பதும்" என்று ஒரு பேச்சு பேசுவார்கள். ஹெலிகாப்டரின் கையேட்டில் ஐந்தாம் அத்தியாயம் இயக்க வரம்புகள், ஒன்பதாம் அத்தியாயம் அவசரகால நடைமுறைகள். வெப்பநிலை எவ்வளவு, எத்தனை விநாடி, முறுக்குவிசை எத்தனை சதவீதம் என்று எல்லா எண்ணையும், ஒன்பதாம் அத்தியாயத்தில் அடிக்கோடிட்ட எல்லா வரியையும் சொல்லுக்குச் சொல் மனப்பாடமாக எழுத வேண்டும். காலையில் பறப்பதற்கு முன் ஒரு மாணவரை எழுப்பி, "கரும்பலகைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருக்கிறாய் என்பதை மறந்துவிடு. 500 அடி, 80 நாட், இன்ஜின் நின்றுவிட்டது. சொல்" என்பார்கள். ஒரு வார்த்தை பிசகினால் அன்றைக்கு அவருக்குப் பறக்கும் வாய்ப்பே போகலாம். இவ்வளவு கெடுபிடி எதற்கு என்று வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குத் தோன்றும். பயந்துபோன மூளைக்குப் புதிதாக வாக்கியம் அமைக்கத் தெரியாது, ஏற்கெனவே இருப்பதைத்தான் எடுத்துப் படிக்கும், அதனால்தான்.

மனப்பாடம் செய்வதில் எனக்குப் பிடித்த பகுதி மூன்று சொற்றொடர்கள். "தாமதமில்லாமல் இறங்கு" என்றால், ஆட்கள் உயிர் பிழைப்பதுதான் முக்கியம், இப்போதே கீழே போ. "முடிந்த அளவு விரைவில் இறங்கு" என்றால் மிக அருகில் இருக்கும் பொருத்தமான இடம், ஒரு வயல்வெளியானாலும் சரி. "வசதிப்படும்போது இறங்கு" என்றால் அவசரம் அவ்வளவு இல்லை, எங்கே, எப்போது என்பதை விமானி முடிவு செய்யலாம். கேட்க ஒரே மாதிரி இருக்கும், ஆனால் எந்தக் கோளாறுக்கு எது என்று இதிலேயே முடிவாகிவிடுவதால், விமானி பதற்றத்தில் விவாதம் பண்ண வேண்டியதில்லை.

இன்ஜின் இல்லாமல் இறங்கும் முறையின் பெயர் ஆட்டோரொடேஷன். சைக்கிளில் பெடல் மிதிப்பதை நிறுத்தினாலும் சக்கரம் சுற்றுகிறதே, அதே மாதிரி ஒரு அமைப்பு இன்ஜினுக்கும் ரோட்டருக்கும் நடுவில் இருக்கிறது, இன்ஜின் நின்றாலும் அது ரோட்டரைப் பிடித்து நிறுத்தாது. வழக்கமாக ரோட்டர் காற்றை மேலிருந்து கீழே தள்ளும். இப்போது ஹெலிகாப்டர் இறங்குவதால் காற்று கீழிருந்து மேலாக ரோட்டருக்குள் புகுந்து அதைச் சுற்றிவிடுகிறது. கேட்க எளிது. விநாடி விநாடியாகப் பார்த்தால்தான் அதன் நெருக்கடி புரியும்.

சத்தம் மாறுகிறது. மூக்கு ஒரு பக்கம் வெட்டித் திரும்புகிறது, ஏனென்றால் இன்ஜினின் முறுக்கு போய்விட்டது, ஆனால் அதை எதிர்க்கும் வாலின் சின்ன ரோட்டரை இயக்கும் கால் பெடல் இன்னும் மிதித்தபடி இருக்கிறது. ரோட்டர் வேகம் விழத் தொடங்குகிறது. இடது கையில் இருக்கும் கலெக்டிவ் நெம்புகோலை உடனே கீழே அழுத்த வேண்டும், அப்போதுதான் பிளேடுகளின் கோணம் குறைந்து இழுவை குறையும். இங்கே ஒரு விநாடி தாமதித்தால், பிளேடுகள் மேல்நோக்கி வளைந்து, ஒரு கட்டத்துக்குக் கீழே ரோட்டர் வேகம் போய்விட்டால் பிறகு எந்த வித்தையாலும் திரும்ப வராது. மனித இயல்போ நேர் எதிர். கீழே விழுகிறோம் என்று தோன்றினால் கை தானாக நெம்புகோலை மேலே இழுக்கப் பார்க்கும். அந்த இயல்பை உடைப்பதற்குத்தான் நூற்றுக்கணக்கான முறை செய்யவைக்கிறார்கள். அடுத்து வேகத்தைச் சரியான அளவில் பிடித்து, இடம் பார்த்து, காற்றுக்கு எதிராகத் திரும்பி இறங்குகிறார்கள். ஏறக்குறைய நூறு அடியில் மூக்கைத் தூக்க வேண்டும். முன்னே போகும் வேகம் குறைகிறது, அந்த ஆற்றல் ரோட்டருக்குள் போய் அது இன்னும் வேகமாகச் சுற்றுகிறது, இறங்கும் வேகமும் தளர்கிறது. பத்துப் பதினைந்து அடியில் மூக்கை நேராக்கி, சேமித்து வைத்த அந்தச் சுழற்சியை எல்லாம் ஒரே ஒரு முறை செலவழித்து, கலெக்டிவை இழுத்து, மெத்தையில் உட்காருவது போல உட்கார வைக்க வேண்டும். சீக்கிரம் இழுத்தால் உயரத்திலேயே சுழற்சி தீர்ந்துபோகும், தாமதமாக இழுத்தால் தரை வந்து மோதும்.

இது உயரமாக இருந்தால். தரையொட்டிப் பறக்கும்போது இந்த வரிசை அப்படியே பொருந்தாது. 60 அடியில் 90 நாட் வேகத்தில் இன்ஜின் நின்றால், கலெக்டிவை முழுதாக அழுத்தினால் நேராகத் தரைக்குள் போய்விடுவோம். அங்கே வலது கை முந்திக்கொள்ள வேண்டும்: அந்தக் கையில் இருக்கும் சைக்ளிக் நெம்புகோலைப் பின்னால் இழுத்து, இருக்கிற வேகத்தை உயரமாக மாற்றி, அதே அசைவில் ரோட்டர் வேகத்தையும் காப்பாற்றி, அதற்கு ஏற்ற அளவு மட்டும் கலெக்டிவைக் குறைக்க வேண்டும். அதிலும் ஒரு கண்ணி உண்டு, மூக்கு மேலே போனால் வால் கீழே போகும், வாலுக்குக் கீழே மரங்கள் இருக்கின்றன. ஆக, ஒரே கோளாறுக்கு உயரத்தில் ஒரு முதல் அசைவு, தாழ்வில் வேறு முதல் அசைவு. எந்த இடத்தில் எந்தக் கை முந்த வேண்டும் என்பது யோசிக்காமல் வர வேண்டும்.

ஒவ்வொரு ஹெலிகாப்டருக்கும் உயரத்தையும் வேகத்தையும் வைத்து ஒரு வரைபடம் இருக்கிறது. எந்த உயரத்தில் எந்த வேகத்தில் இன்ஜின் நின்றால் பத்திரமாக இறங்க வாய்ப்பில்லை என்று அதில் நிழலிட்டுக் காட்டியிருக்கும். சிவில் விமானிகளுக்கு அந்த நிழல் பகுதியைத் தவிர்க்கச் சொல்வார்கள். ராணுவ விமானி மர வரிசைக்குப் பின்னால் ஒளிந்து மெதுவாக மேலெழுந்து எட்டிப் பார்க்கும்போது, அந்த நிழலுக்குள்ளேதான் நிற்கிறார்.

அதற்குத்தானே இரண்டு இன்ஜின் என்று கேட்பது நியாயம். இரண்டு இன்ஜின் இருப்பது பெரிய பாதுகாப்புதான், ஆனால் முழுப் பாதுகாப்பு ஆகாது. முன்னே போகும்போது தேவைப்படும் சக்தியைவிட, ஒரே இடத்தில் நிற்கும்போது, அதுவும் ரோட்டர் தள்ளும் காற்று தரையில் பட்டு மெத்தை மாதிரித் தாங்குவது எட்டாத உயரத்தில் நிற்கும்போது, தேவைப்படும் சக்தி மிக அதிகம். வெயிலும் மலை உயரமும் சேர்ந்தால் இரண்டு இன்ஜினும் சேர்ந்தே தடுமாறும். முழு எடையோடு நிற்கும் ஹெலிகாப்டரில் ஒரு இன்ஜின் போனால், மற்றது அதைத் தாங்காது. மூக்கைத் தாழ்த்தி வேகம் பிடித்தால் அது தாங்கும், ஆனால் வேகம் பிடிக்கக் கொஞ்சம் உயரத்தை இழக்க வேண்டும், அந்த உயரம்தான் இல்லையே. அதனால் கிளம்புவதற்கு முன்பே கணக்குப் போட்டு, இன்றைய எடைக்கும் வெயிலுக்கும் ஒரே இன்ஜினில் பறக்கத் தேவையான குறைந்தபட்ச வேகம் எவ்வளவு என்று எழுதிவைத்து, இருவரும் சத்தமாகச் சொல்லிக்கொள்கிறார்கள்.

இரட்டை இன்ஜினில் இன்னொரு பழைய தவறும் நடக்கிறது: கெட்டுப்போன இன்ஜினை விட்டுவிட்டு நன்றாக ஓடும் இன்ஜினை நிறுத்திவிடுவது. நம்ப முடியாத மாதிரி இருக்கும், ஆனால் உலகம் முழுவதும் நடந்திருக்கிறது. மருந்து எளிது. ஒருவர் நெம்புகோலில் கை வைத்து எது என்று வாயால் சொல்ல வேண்டும், மற்றவர் பார்த்து ஆமோதித்த பிறகுதான் அசைக்க வேண்டும். வேகமாகச் செய்ய வேண்டியவை மிகச் சில, மற்றதெல்லாம் நிதானமாகச் செய்ய வேண்டியவை என்று பிரித்துத் தருவதுதான் நல்ல பயிற்சி என்று நான் நினைக்கிறேன்.

வால் ரோட்டர் போவது வேறு விதமான பயம். அது நின்றால் உடல் மேலுள்ள ரோட்டருக்கு எதிர்ப்பக்கம் சுழலத் தொடங்கும். சுழற்றுவது இன்ஜினின் முறுக்குதான் என்பதால், இன்ஜின் சக்தியையே எடுத்துவிடுவதுதான் பதில்; அதாவது நன்றாக ஓடும் இன்ஜினை வேண்டுமென்றே துண்டித்துவிட்டு ஆட்டோரொடேஷனில் இறங்க வேண்டும். 1993 அக்டோபர் 3 அன்று சோமாலியாவின் மொகடிஷுவில் வாலில் ராக்கெட் குண்டு பட்ட இரண்டாவது பிளாக் ஹாக் ஹெலிகாப்டர், பட்ட பிறகும் சற்றுத் தூரம் பறந்தது, அப்புறம்தான் வால் கியர்பெட்டி கழன்று சுழன்று விழுந்தது. அதன் விமானி மைக்கேல் டூரண்ட் உயிரோடு வந்தார். பெடல் ஒரே இடத்தில் சிக்கிக்கொள்வது இதைவிட எளிது. விமானத்தைப் போல ஓடிக்கொண்டே தரையில் இறக்கிவிடலாம், நீளமான ஓடுபாதை வேண்டும் அவ்வளவுதான். தாழ்வில் மெதுவாகப் போகும்போது காற்று தவறான பக்கத்திலிருந்து அடித்தால், எதுவும் உடையாமலே வால் ரோட்டர் தன் பிடியை இழக்கலாம் என்பதும் பாடத்தில் உண்டு. அதே மாதிரி, தன் ரோட்டர் தள்ளிய காற்றுக்குள்ளேயே செங்குத்தாக இறங்கி மூழ்குவது. அங்கே சக்தியைக் கூட்டக் கூட்ட வேகமாக விழும். முன்னே தள்ளி வெளியே வர வேண்டும், அல்லது சுவிஸ் விமானி கிளாட் வுய்ஷார் பரப்பிய முறைப்படி பக்கவாட்டில் நழுவி வெளியேற வேண்டும், அதில் உயரம் குறைவாகவே செலவாகிறது.

இயந்திரக் கோளாறே இல்லாமல் ஆளைக் கொல்லும் ஒன்று மேகம். தாழப் பறந்து பழகியவருக்கு, மேகம் இறங்கி வரும்போது இன்னும் கொஞ்சம் தாழப் போனால் தெரியும் என்று தோன்றும், இன்னும் கொஞ்சம் வேகத்தைக் குறைத்தால் தெரியும் என்று தோன்றும். அவர் கற்ற திறமையே அவரைப் பள்ளத்தாக்குக்குள் இழுத்துக்கொண்டு போகும். ஒரு கட்டத்தில் எல்லாம் வெள்ளை. உட்காதின் சமநிலை உணர்வு பொய் சொல்லத் தொடங்க அதிக நேரம் ஆகாது. 1954-இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில், கருவிகளைப் பார்த்து ஓட்டப் பழகாத 20 பேரை வைத்துச் சிறு விமானத்தில் பார்த்தபோது, சராசரியாக 178 விநாடியில் கட்டுப்பாடு போனது. ஹெலிகாப்டர் தன்னால் நிலைத்து நிற்கும் இயந்திரமே இல்லை, அதில் இன்னும் சீக்கிரம் போகும்.

இதற்கான நடைமுறை நான்கே வரி: உடலைச் சமமாக்கு, திசையை மாற்றாதே (தடை இருப்பது தெரிந்தால் மட்டும் திரும்பு), ஏறத் தேவையான சக்தி கொடு, ஏறும் வேகத்தைப் பிடி. கண் முழுக்கக் கருவிகளில். வரி நான்குதான், ஆனால் மனதளவில் இதுதான் எல்லாவற்றிலும் கடினம் என்று தோன்றுகிறது. தரை தெரிவதையே பாதுகாப்பாக நினைத்துப் பழகிய ஒருவர், தரையை விட்டுவிட்டு, ஒன்றுமே தெரியாத வெள்ளைக்குள் தானாக மேலே ஏற வேண்டும். பாதி மனதோடு செய்பவர்கள்தான் சாகிறார்கள்: ஏறத் தொடங்கி, கீழே ஒரு ஓட்டை தெரிந்தது என்று திரும்ப இறங்குபவர்கள். அதனால் கிளம்பும் முன்பே, இந்தப் பள்ளத்தாக்கில் மேகத்துக்குள் மாட்டினால் எந்தத் திசையில், எவ்வளவு உயரத்துக்கு ஏறினால் எந்த மலையும் தட்டாது என்று கணக்கிட்டு அட்டையில் எழுதி வைத்துக்கொள்கிறார்கள்.

இதையெல்லாம் சிமுலேட்டரில் பழகினால் போதாதா என்பது பழைய சண்டை. மேகத்துக்குள் மாட்டுவது, வால் ரோட்டர் போவது, தீப்பிடிப்பது போன்றவற்றைச் சிமுலேட்டரில்தான் பழக முடியும், அதில் விவாதமே இல்லை. ஆனால் இன்ஜின் இல்லாமல் தரையைத் தொடும் அந்தக் கடைசிப் பத்து அடி? ஒரு காலத்தில் ஹியூயி என்ற பழைய ராணுவ ஹெலிகாப்டரிலும், பிறகு பெல் 206 வகைப் பயிற்சி ஹெலிகாப்டரிலும் மாணவர்கள் உண்மையாகவே தரை தொட்டுப் பழகினார்கள். பழகும்போதே ஹெலிகாப்டர்கள் நொறுங்கின, முதுகெலும்புகள் அடிபட்டன. அதனால் படிப்படியாகக் குறைத்தார்கள். அமெரிக்க ராணுவம் இரட்டை இன்ஜின் லகோட்டா ஹெலிகாப்டருக்கு மாறிய பிறகு, கடைசிக் கட்டத்தில் சக்தியைத் திரும்பக் கொடுத்து மேலேறிவிடுவதே வழக்கமானது. இப்போது மறுபடியும் ஒற்றை இன்ஜின் பயிற்சி ஹெலிகாப்டருக்குத் திரும்பும் முயற்சி நடக்கிறது. நான் தரை தொட்டுப் பழக வேண்டும் என்பவர்கள் பக்கம். செலவும் ஆபத்தும் உண்மைதான், அதைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் கடைசி ஒரு முறை கலெக்டிவை இழுக்கும் கணம் எது என்பதைத் தரை ஏறி வரும் வேகத்தைக் கண் ஓரத்தில் பார்த்துத்தான் உடம்பு கற்கிறது, திரையில் அந்த ஓரம் எப்போதும் கொஞ்சம் பொய்யாகவே இருக்கிறது.

2003 மார்ச் 23-24 இரவில் ஈராக்கின் கர்பலா பக்கம் போன அப்பாச்சி படைப்பிரிவுக்கு நடந்ததையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். கிளம்பும்போதே தூசியில் ஒன்று விழுந்தது. மலையோ காடோ இல்லாத, வீடுகளும் விளக்குகளும் மின்கம்பிகளும் நிறைந்த தட்டையான இடத்தில், எல்லாத் திசையிலிருந்தும் சிறு ஆயுதங்களால் சுட்டார்கள். ஒன்று கீழே விழுந்து இரண்டு விமானிகள் பிடிபட்டார்கள், திரும்பி வந்தவற்றில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் குண்டு துளைத்திருந்தது. ஆனால் திரும்பி வந்தன. அதற்குப் பிறகு ஒரே இடத்தில் மறைந்து நின்று சுடுவதைக் குறைத்து, ஓடிக்கொண்டே சுடுவதை அதிகம் பழகத் தொடங்கினார்கள். ஒளிய நிலம் இல்லாத இடத்தில் தாழ்வு மட்டும் காப்பாற்றாது, வேகமும் வேண்டும். வேகம் இருந்தால் இன்ஜின் நிற்கும்போது உயரமாக மாற்றிக்கொள்ளவும் கொஞ்சம் கையிருப்பு இருக்கும்.

நல்ல பயிற்றுநர்கள் இதையெல்லாம் பறக்கும்போது ஒரு சின்னக் கேள்வியில் அடக்கிவிடுகிறார்கள். பள்ளத்தாக்கில் மாணவர் நன்றாக ஓட்டிக்கொண்டிருப்பார், வரைபடமும் சரியாக ஓடிக்கொண்டிருக்கும், எல்லாம் அமைதி. அப்போது எந்த அவசரமும் இல்லாத குரலில், "இப்போது நின்றால் எங்கே?" மாணவர் உடனே, "இடப்பக்கம் அந்தப் பழுப்பு வயல், நடுவில் கம்பம் இல்லை, காற்று முன்னாலிருந்து" என்று சொல்லிவிட்டால் அடுத்த வளைவுக்குப் போவார்கள். அவர் தேடத் தொடங்கினால், பயிற்றுநர் எதுவும் சொல்லாமல் விரல்களை மடக்கி விநாடிகளை எண்ணுவார். இரண்டு விரல் மடங்குவதற்குள் பதில் வர வேண்டும்.